பழைய ஈயக்குண்டு ஏன் குறி தவறியது?

பாலக்காடு கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ஹைதர் அலி 1766-இல் கட்டியது. 1783-இலும் 1790-இலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைக் கைப்பற்றியது. அந்தக் காலத்து ஈயக்குண்டு நூறு கஜம் தாண்டினாலே குறி தவறும். ஏன்?

கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். உருண்டைக் குண்டோ சுமார் 17.5 தான். வாய்வழியே விரைவாகத் திணிக்க அந்த இடைவெளி தேவைப்பட்டது. சுட்டதும் குண்டு குழலின் சுவரில் மாறி மாறி மோதும். கடைசி மோதல் அதன் திசையைக் கெடுத்துவிடும்.

இதற்கு மாறாக, ரைஃபிள் துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் உண்டு. அவை எதற்கு? பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சாட்டை இறுகச் சுற்றியிருந்தால்தான் அது வேகமாகச் சுழன்று நிமிர்ந்து நிற்கும். அதேபோல, பள்ளங்கள் ஈயத்தை இறுகப் பற்றினால்தான் குண்டு சுழன்றபடி நேராகப் பறக்கும்.

ஆனால் இறுக்கமான குண்டை எப்படி உள்ளே தள்ளுவது? பிரான்சின் மினியே 1849-இல் வழி கண்டார்: அடியில் குழிவுள்ள குண்டு. எளிதாக இறங்கும், வெடிக்கும்போது வாயுவின் அழுத்தத்தில் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களில் பதியும்.

வார்த்த ஈயக்குண்டை அச்சில் அழுத்தி அளவாக்குவதற்கும் இதே கணக்குதான். குண்டு, எதிரெதிர்ப் பள்ளங்களுக்கு இடையேயான விட்டத்தைவிட இழையளவு பெரிதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதாக்கினால் குறி கெடும். அளவாக்குவதல்ல, பொருந்துவதே முக்கியம்.