துண்டுக்கடியில் ஓர் ஏலம்

"என் மகள் பத்தாம் வகுப்பு. முகத்தில் பரு வந்ததை என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போனில் மட்டும் நாள் முழுக்கப் பருக் களிம்பு விளம்பரம். போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா?" என்று தஞ்சாவூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒட்டுக்கேட்க அவசியமே இல்லை அம்மா, விரல் போதும். முகம் கழுவும் வீடியோ ஒன்றில் நாலு விநாடி கூடுதலாக நின்றாலே வாய்விட்டுச் சொன்ன மாதிரிதான். பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்று விற்கும் பாட்டிக்குத் தெரியாதா, எந்தப் பிள்ளை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துத் தயங்குகிறது என்று?

சமூக ஊடகச் செயலிகள் விளம்பரத்தால் பிழைப்பது ஊரறிந்த கதை. 2024இல், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவுக்கு வந்த வருமானத்தில் நூற்றுக்கு 97க்கு மேல் விளம்பரப் பணம் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த விளம்பரம் தேர்வாகும் விதம்.

சின்ன வயதில் தாத்தாவோடு மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போவேன். தரகர் துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேச்சு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. காளை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

உங்கள் மகள் திரையைத் தள்ளும்போதும் இப்படி ஓர் ஏலம், இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. சந்தையில் கூடுதல் விலை சொன்னவருக்கு மாடு. இங்கே அப்படி இல்லை. விளம்பரதாரர் தரத் தயாரான தொகையை, இந்தப் பிள்ளை அதைத் தட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீட்டால் பெருக்குகிறார்கள். விளம்பரத்தின் தரத்துக்கும் கொஞ்சம் மதிப்பெண் உண்டு.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு தட்டலுக்குச் செருப்புக் கம்பெனி 10 ரூபாய் தருகிறேன் என்கிறது, களிம்புக் கம்பெனி 4 ரூபாய். நூறு முறை காட்டினால் செருப்பை ஒரு முறை தட்டுவாள், களிம்பை ஐந்து முறை என்று இயந்திரம் கணிக்கிறது. செருப்புக்கு 10, களிம்புக்கு 20. குறைந்த விலை சொன்ன களிம்பு ஜெயித்துவிட்டது!

இந்த முறையை முதலில் படித்தபோது மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொழுத்த மாட்டுக்கு விலை கூடும் என்பதுதான் தாத்தா கணக்கு. இங்கே எந்தப் பொருளுக்குப் பிள்ளை அதிகம் ஏங்குகிறதோ, அதை விற்பவனுக்குப் பிள்ளை மலிவாகக் கிடைக்கிறது. கண்ணாடி முன் கூசி நிற்கும் பெண்ணிடம் போய்ச் சேரக் களிம்புக்காரனுக்குத் தள்ளுபடி. பரு என்றால் என்ன என்றே அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, அதைத் திட்டிப் பயனில்லை. ஆனால் ஒரு மாதம் விடாமல் மாசற்ற கன்னங்களையே பார்க்கும் பதினைந்து வயதுக்கு, தன் முகம் மட்டும்தான் கெட்டுப்போனதாகத் தோன்றாமல் என்ன செய்யும்?

2023 பிப்ரவரியிலிருந்து 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வயதையும் ஊரையும் மட்டும் வைத்தே விளம்பரம் காட்டுவதாக மெட்டா சொல்கிறது. அப்படியானால் உங்கள் வீட்டில் ஏன் இப்படி? எனக்கு ஒரு சந்தேகம். 13 வயதுக்குக் கீழே கணக்கு கிடையாது என்பது 1998இன் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி வந்த விதி. என் அக்கா மகன் பதினொன்றிலேயே நுழைந்துவிட்டான். எப்படியடா என்றேன். "ஆண்டைச் சுத்திவிட்டேன் மாமா, எங்கே நின்னுதோ அதை வச்சிட்டேன்" என்றான். நின்றது 1996இல். மீசை முளைக்காத அந்தப் பயலுக்குக் கடன் செயலி விளம்பரம் வருகிறது.

ஏலத்துக்கே வராத விளம்பரமும் உண்டு. "நான் தினமும் இதைத்தான் பூசுகிறேன்" என்று வீடியோவில் ஓர் அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். காசு வாங்கினால் விளம்பரம் என்று பளிச்செனக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டி நெறி. பலர் அதை ஹேஷ்டேக் குவியலுக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைத் தோழி சொன்ன யோசனையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விற்பனையைவிட இந்த ஒளிவுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது.

நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது. விதிகள் வரவே 2025 நவம்பர் ஆயிற்று. இணங்கி நடக்க நிறுவனங்களுக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம். அந்த நவம்பரில் பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அவகாசம் முடியும்போது பிளஸ் டூ வாசலில் நிற்கும்.

ஆகவே அம்மா, போனைப் பிடுங்க வேண்டாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, களிம்பு விளம்பரத்தின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டச் சொல்லுங்கள். இது ஏன் காட்டப்படுகிறது என்று அங்கே எழுதியிருக்கும், இருவருமாகப் படியுங்கள். கணக்கில் எந்த ஆண்டில் பிறந்திருக்கிறாள் என்றும் கேளுங்கள். சிரித்துவிட்டாளானால், என்ன நடந்தது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.