சிறுநீரகம் தளர்ந்தால் மூளை என்ன ஆகும்?

சிறுநீரகக் கோளாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீங்கின கால், உப்பில்லாச் சாப்பாடு, வாரம் 3 நாள் டயாலிசிஸ். மூளையும் இதில் பாதிக்கப்படுகிறது என்பதைப் பலர் அறியார். நான் மருத்துவன் அல்லன். அல்சூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். நண்பர் ஒருவர் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு சீட்டுக் கணக்கில் தடுமாறினார். "வேணும்னே மறக்கிறார், சோம்பேறித்தனம்" என்று வீட்டார் ஏசினார்கள். அது உண்மைதானா என்றறியவே இத்துறை நூல்களைப் படிக்கப் புகுந்தேன்.

முதலில் இவ்வுறுப்புகளின் உறவைப் பார்ப்போம். மூளை சுமார் 1,400 கிராம். சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே. ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் சிறுநீரகங்களுக்கு 20 சதவீதமும் மூளைக்கு 15 சதவீதமும் போகிறது. இவ்வளவு இரத்தம் தடையின்றிப் பாயும் இடத்தில், கொதிப்பின் அடி நேரே நுண்குழாய்கள் மேல் விழும். ஆகவே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது மூளையைச் சும்மா விட்டுவைப்பதில்லை. இரத்தத்தில் தேங்கும் கழிவும் இரத்தசோகையும் வேறு சேர்ந்துகொள்கின்றன.

எம்.ஆர்.ஐ. படத்தில் என்ன தெரிகிறது? மூளையின் வெண்பகுதியில் வெள்ளைத் திட்டுக்கள். நோயாளியே அறியாமல் வந்துபோன சிறு அடைப்புகளின் தழும்புகள். நுண்ணிய இரத்தக் கசிவுகளைக் காட்டும் கரும்புள்ளிகள். மூளை சற்றுச் சுருங்கிய தோற்றம். வயதானால் யாருக்கும் இவை வரலாம். முற்றிய சிறுநீரக நோயாளிகளிடம் கூடுதலாகவும், இளவயதிலும் காணப்படுகின்றன. வெண்பகுதி என்பது மூளையின் பல பாகங்களை இணைக்கும் கம்பிக்கட்டு மாதிரி. அது பழுதானால் பழைய நினைவு அப்படியே இருக்க, யோசிக்கும் வேகமும் திட்டமிடும் திறனும் குறையும். ஆனால் படத்தில் திட்டு இருப்போர் எல்லாருக்கும் மறதி வந்தே தீரும் என்பதில்லை.

டயாலிசிஸ் உயிர் காப்பது, அதில் ஐயமில்லை. இருப்பினும் 4 மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரை இறக்கும்போது இரத்த அழுத்தம் விழலாம். அப்போது மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும். நெதர்லாந்தில் முதிய நோயாளிகளிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வு, இக்குறைவு சராசரி 10 சதவீதம் என அளந்தது. சிகிச்சைக்கன்று சாயங்காலம் மனுஷர் மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இங்கேதான் வீட்டாருக்கு வேலை இருக்கிறது. உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் நீர் ஏறும், ஏறிய நீரை அவசரமாக இறக்க வேண்டி வரும். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்குவது மூளைக்கும் செய்யும் உபகாரம் எனலாம்.

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. படம் தெளிவாக வர, காடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவதுண்டு. அதன் பழைய வகைகள் சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோலை இறுகச் செய்யும் கொடிய நோயைத் தந்தன என்பது 2006-இல் தெரிய வந்தது. இப்போதைய வகைகளில் அந்த அபாயம் மிகக் குறைவு. ஆனாலும், "எனக்குச் சிறுநீரக நோய் உண்டு" என்று முன்கூட்டியே சொல்லிவிடணும். ஊசி இல்லாமல் எடுக்கும் படத்திலேயே மேற்சொன்ன மாற்றங்கள் தெரியும்.

கெட்டது எல்லாம் கெட்டதுதானா? இல்லை. இந்தியாவில் சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் முதன்முதலாக வெற்றி கண்டது. மாற்று சிறுநீரகம் பெற்றவர்களிடம் நினைவும் வெண்பகுதியின் நிலையும் ஓரளவு தேறுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. தழும்பு அழியாது, ஆனால் நஞ்சால் வந்த மந்தம் குறையும்.

ஆதலால் அன்பர்களே, வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் மருந்து வேளையைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பணம், பத்திரம், அறுவை சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளை அவரிடம் டயாலிசிஸ் இல்லாத நாளில், நிதானமாக, இரண்டு தரம் சொல்லிக் கேளுங்கள். மறதி கூடினால் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள்; நரம்பியலுக்கு நம்ம ஊரிலேயே நிமான்ஸ் இருக்கிறது. அவர் மறப்பது வேண்டுமென்றே அல்ல. ஏசினால் அவருக்கு நோயோடு மனவருத்தமும் சேரும்.