பவர் ஸ்டியரிங் ஒயிலையும் சற்றுக் கவனியுங்கள்

வீட்டில் வாகனம் வைத்திருப்போர் எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றுவார்கள். பிரேக் ஒயிலையும் எட்டிப் பார்ப்பார்கள். பவர் ஸ்டியரிங் ஒயில் மட்டும், ஸ்டியரிங் முனகத் தொடங்கும் வரை எவரின் நினைவுக்கும் வருவதில்லை.

1951இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் இம்பீரியல் காரோடு விற்பனைக்கு வந்த இந்த வசதி, நம் நாட்டில் இன்றும் ஓடும் பழைய ஜப்பானிய கார்கள், வான்கள் பலவற்றில் இருக்கிறது. (புதிய வாகனங்கள் பலவற்றில் மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்கிறது. அவற்றில் ஒயிலும் இல்லை, ஹோஸும் இல்லை.)

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப், ஒயிலை அழுத்தி ஒரு ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பகுதிக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த ஒயில் இன்னொரு ஹோஸ் வழியாகச் சிறிய டாங்கிக்குத் திரும்புகிறது. டயருக்கு நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 30 இறாத்தல். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது முதலாவது ஹோஸில் ஏறும் அழுத்தமோ 1000 இறாத்தலையும் தாண்டும். திரும்பி வரும் ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. இதை விளங்கிக்கொண்டால், வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் விளங்கிவிடும்.

ஒயிலை மாற்றுவதும், திரும்பி வரும் ஹோஸை மாற்றுவதும் வாப்பாவும் மகனுமாக ஒரு காலைப் பொழுதில் செய்யக்கூடிய வேலை. முதலில் வாகனத்தின் கைந்நூலைப் பார்த்துச் சரியான ஒயிலை வாங்குங்கள். பழைய டொயோட்டாக்கள் பலவற்றுக்கு, ஓட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு நிற டெக்ஸ்ரோன் வகை ஒயில் போதும். ஹொண்டாவுக்கு அதற்கென்றே தனி ஒயில் உண்டு. பிரேக் ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளேயுள்ள றப்பர் சீல்கள் கெட்டுவிடும். 2 லீற்றர் கையில் இருந்தால் தாராளம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின், பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். திரும்பி வரும் ஹோஸை டாங்கியிலிருந்து கழற்றி, அதன் முனையை வெற்றுப் போத்தலுக்குள் விடுங்கள். டாங்கியின் வாயை இறுக்கி அடையுங்கள். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவியுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மகன் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் டாங்கி வற்றாமல் புதிய ஒயிலை ஊற்றிக்கொண்டிருங்கள். கறுத்த ஒயில் போய்ச் சிவப்பு வந்ததும் நிறுத்தலாம்.

இப்போது புதிய ஹோஸை மாட்டுங்கள். ஒயிலுக்கென்று செய்யப்பட்டதாக அது இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் துண்டு சில நாட்களிலேயே ஊறிப் பருத்துவிடும். கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம்தான். பின்னர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பத்துப் பதினைந்து தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகும் ஒயில் நுரைத்தால் காற்று மிச்சமிருக்கிறது என்று பொருள். சற்று ஆறவிட்டு மீண்டும் திருப்புங்கள். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் சூடேறும்.

அழுத்தம் கூடிய ஹோஸ் வேறு விடயம். வெடித்த இடத்தை வெட்டி, குழாய்த் துண்டு வைத்துக் கிளிப் போட்டுத் தரும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் ஒயில் சூடான சைலன்சர் குழாயில் சீறித் தீப்பிடிக்கலாம். வாகனத்தில் மனைவி மக்கள் இருப்பார்கள் என்பதை யோசியுங்கள். புதியது வாங்குங்கள், அல்லது ஹைட்ரோலிக் ஹோஸ் செய்யும் கடையில் இயந்திரத்தால் முனை அழுத்தி எடுங்கள். பஞ்சிகாவத்தையில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அதன் றப்பருக்கும் உங்கள் ஹோஸின் வயதே இருக்கும். பூட்டும்போது செப்பு வொஷர்களும் புதியவையாக இருக்கட்டும்.

கடுகண்ணாவை போன்ற வளைவில் ஹோஸ் வெடித்தால் ஸ்டியரிங் அற்றுப்போவதில்லை, பாரமாகிவிடும், அவ்வளவுதான். பதறாமல் இரு கைகளாலும் பலமாகத் திருப்பி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்க வேண்டும். வீட்டில் வாகனம் ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கழிவு ஒயிலைக் கிணற்றடியிலோ கானிலோ கொட்டாமல், போத்தலில் அடைத்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். அன்றிரவு வாகனத்தின் கீழ் ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சிவப்புத் துளி விழுந்திருந்தால், கிளிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.