கரிசலில் தங்கிய சுண்ணாம்பு

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி, எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் தொழில் நகரம் அமைந்துள்ளது. கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில், கர்நாடக மாநில அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகம் 1978-ஆம் ஆண்டில் இதனை நிறுவியது. இன்று இங்குப் பணிபுரியும் தமிழர் மிகப் பலர். அவர்களுள் கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய பக்கங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் பிறந்து வளர்ந்தது கரிசல் மண்; இங்கே கட்டடத்திற்குக் கடைகால் தோண்டும்பொழுது வெளிப்படுவதோ செம்மண். இவ்விரு மண்ணின் வேற்றுமை நிறத்தோடு நின்றுவிடுவதில்லை.

அதனை அறியாமல் நானே ஒரு முறை பிழை செய்தேன். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பது என் தொழில். உழவு என் தமையனாருடையது. ஊரில் கிணற்றுப் பாசனத்தில் அவர் நிலக்கடலை பயிரிட்டிருந்தார். இலைகள் மஞ்சளிப்பதாக எனக்குத் தெரிவித்தார். பெங்களூரில் அண்டை வீட்டார் ஒருவர் தம் தோட்டத்திற்குச் சுண்ணாம்பு இட்டு நற்பயன் கண்டதை நான் பார்த்திருந்தேன். "அண்ணா, நீங்களும் சுண்ணாம்பு இட்டுப் பாருங்கள்" என்று யோசனை கூறினேன். படித்த தம்பி சொல்கிறான் என்று நம்பி அவரும் இட்டார். மஞ்சள் மாறவில்லை, செலவு வீணாயிற்று, விளைச்சலும் குன்றியது. சொல்லை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கலாம். யோசனையை ஒரு மண்ணிலிருந்து மற்றொரு மண்ணுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

அப்படியாயின், ஒரு மண்ணுக்கு மருந்தாகும் பொருள் மற்றொன்றுக்கு ஆகாமற்போவது ஏன்? விடை மழைநீரின் போக்கில் இருக்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்பொழுது, வேர்கள் வெளிவிடும் கரியமில வாயுவைத் தன்னுட் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்பைக் கரைக்க வல்லது. மழை மிகுந்து, நீர் வடிவதற்கும் வழி இருந்தால், கரைந்த சுண்ணாம்பு ஆழத்திற்குச் சென்று நிலத்தடி நீரோடு போய்விடும். மழை குறைந்து, வெயில் மிகுந்தால், நீர் பாதி வழியிலேயே வற்றிவிடும். அவ்விடத்தில் சுண்ணாம்பு மீண்டும் படியும். ஆண்டுதோறும் இவ்வாறு படிந்து படிந்து வெண்ணிற உருண்டைகளாக இறுகும். கரிசல் காட்டில் கிணறு வெட்டுவோர் மண்வெட்டியில் தட்டுப்படும் சுக்கான்கல் இதுவே. முன்னாளில் இத்தகைய கல்லைக் காளவாயிலிட்டுச் சுட்டுக் கட்டடச் சுண்ணாம்பு செய்தனர்.

பெங்களூர் மேட்டுநிலத்தின் அடிப்பாறை நைஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. லால்பாக் தோட்டத்துப் பெரும்பாறையும் அதுவே. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு மூத்தது. கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள இம்மேட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நெடுங்காலமாக நீர் வடிந்து வடிந்து சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்புத் துரு எஞ்சி நின்று மண்ணைச் சிவக்கச் செய்தது. இத்தகைய செம்மண் பல இடங்களில் புளிப்புத் தன்மை உடையது. அப்புளிப்பைத் தணிக்கவே இங்குள்ளவர்கள் சுண்ணாம்பு இடுகின்றனர்.

கோவில்பட்டிச் சீமையின் நிலை வேறு. மழை அங்கே குறைவு. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து முடிந்துவிடும். நிலம் சமதரை, மண்ணோ நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் நுண்களி. நீர் வடிய வழியின்மையால் சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. கார அமில நிலையை அளந்தால் 8 முதல் 8.5 வரை காணலாம். 7 என்பது நடுநிலை. ஏற்கெனவே காரம் மிகுந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பு இடுவது, உப்புக் கரித்த குழம்பில் உப்பிடுவதை ஒக்கும்.

மேலை நாடுகளிலும் இத்தகைய மண் உண்டு. ருஷ்யப் புல்வெளியின் கருமண்ணைப் பற்றி தோக்குசாயெவ் என்னும் அறிஞர் 1883-இல் வெளியிட்ட நூல் மண்ணியலுக்கே அடிப்படையாயிற்று. அமெரிக்கப் புல்வெளிகளிலும், மழை குறைந்த பகுதிகளில், மேலே கருமண்ணும் கீழே சுண்ணாம்பு அடுக்கும் அமைந்துள்ளன. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. அங்குப் புல்வேர்கள் மக்கிச் சேர்ந்த சத்தே கருமைக்குக் காரணம். குளிர் அதனைக் காக்கிறது. நம் நாட்டு வெயிலில் மக்கு விரைவில் அழிந்துவிடும். நம் கரிசலில் அது பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. அச்சிறு பங்கு நுண்களியோடு பிணைந்து மண்ணைக் கறுப்பாகக் காட்டுகிறது. ஆகவே, கறுத்த மண்ணுக்கு எரு வேண்டாம் என்று எண்ணுவது தவறு.

இனி, இலை மஞ்சளித்ததன் காரணத்திற்கு வருவோம். கரிசலிலும் இரும்பு உண்டு. ஆனால் காரமும் சுண்ணாம்பும் மிகுந்தவிடத்து அது கரைவதில்லை. கரையாததை வேர் உறிஞ்ச இயலாது. பூட்டிய பெட்டியிலுள்ள பணம் பசிக்கு உதவாதது போன்றதே இந்நிலை. நீரை மிகுதியாகப் பாய்ச்சினால் துன்பம் மேலும் பெருகும். இளந்தளிர்கள் மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. மாறாக, முதிர்ந்த அடியிலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை என்று ஐயுறலாம். இரும்புக் குறைக்கு அன்னபேதி உப்பை, 100 லிட்டர் நீருக்கு அரை முதல் ஒரு கிலோ வீதம் கரைத்து, இலைமீது தெளிக்கலாம். மண்ணில் இட்டால் அதுவும் விரைவில் பூட்டப்பட்டுவிடும்.

மணிச்சத்துக்கும் இதே கதிதான். சூப்பர் பாஸ்பேட்டைத் தனியே தூவினால் சுண்ணாம்பு அதனைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் மானாவாரி நிலத்திற்கு, எக்டருக்கு 750 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து ஊறவைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக இடுமாறு வேளாண்மைத் துறையினர் கூறுகின்றனர்.

சுண்ணாம்பு உண்டா, இல்லையா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. உலர்ந்த மண்ணைப் பொடித்து, அதன்மேல் சில துளி காடி விடுங்கள். சுண்ணாம்பு மிகுந்திருந்தால் நுரைத்துப் பொங்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இதனைச் செய்வோர் ஒன்றை மறத்தலாகாது. கட்டட இடிபாடும் சிமெண்டுத் தூளும் கலந்த மண்ணும் நுரைக்கும். எனவே, சற்று ஆழத்திலிருந்து தூய மண்ணை எடுக்கவேண்டும். செம்மண்ணின் அடியில் சிதைந்த பாறையில் தென்படும் வெண்களி பார்வைக்குச் சுண்ணாம்பு போலிருக்கும். காடி பட்டால் நுரைக்காது.

எனினும், உரம் வாங்குமுன் மண் பரிசோதனை நிலையத்தின் முடிவையே நம்புதல் நலம். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இதற்கென அமைந்ததே. பரிசோதிக்கக் கொடுக்கும்போது, சுண்ணாம்பு நிலையையும் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

மறு ஆண்டு என் தமையனார் மண்ணைச் சோதித்த பிறகே உரம் வாங்கினார். இளந்தளிர் மஞ்சளித்தவுடன் அன்னபேதி தெளித்தார். பாய்ச்சும் நீரையும் குறைத்தார். தளிர் பசுமை கண்டது. "இம்முறை மண்ணையே கேட்டுவிட்டேன், தம்பி" என்றார். ஊரில் நிலம் வைத்துவிட்டு வெளியூரில் வாழும் நாமும், யோசனை கூறுமுன், அங்கிருந்து ஒரு பிடி மண்ணைக் கொணர்ந்து காடி விட்டுப் பார்ப்பது நன்று.