காருக்கு ஸ்டீரியோ: விலை கேட்கும் முறை

டில்லி கரோல்பாக் கடைவீதியில் காருக்கு ஸ்டீரியோ பொருத்த விலை கேட்டால், ஒரே கருவிக்குக் கடைக்குக் கடை வெவ்வேறு தொகை கூறக் கேட்கிறோம். வேறுபாடு பல வேளைகளில் கருவியில் இல்லை. கம்பி இணைப்பில் இருக்கிறது. காரின் கம்பிகளை வெட்டாமலே செருகத்தக்க ‘கப்ளர்’ சேர்ந்தால் விலை சற்று ஏறும். அதனை விடுத்து, கம்பியை வெட்டி முறுக்கி டேப் சுற்றுபவரோ குறைத்துச் சொல்லலாம். அந்த டேப் டில்லிக் கோடையில் எத்தனை நாள் ஒட்டியிருக்குமோ! நெகிழ்ந்தால் கம்பிகள் உரசித் தீப்பொறி எழக்கூடும். வெட்டிய இணைப்புக்கு உத்தரவாதம் தரக் கார் கம்பெனியும் மறுக்கலாம். ஆதலின் கருவி, கப்ளர், முகப்புச் சட்டம், கூலி, ஜி.எஸ்.டி. வரி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்போம். ஆம்ப்ளிஃபயரும் வைப்பதாயின், பேட்டரிக்கு அருகிலேயே அதற்கெனத் தனி ஃபியூஸ் உண்டா என்பதையும் அத்தாளிலேயே குறிக்கச் சொல்வோம்.