நீஸ் நகரத்துப் பழைய வீதியில் ஒரு போசனம்

தென் பிரான்சிலே, மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்த நீஸ் நகரைக் காணும் வாய்ப்பு 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் எமக்குக் கிட்டியது. பாரிசில் வாழும் மைத்துனர் துணைக்கு வந்தார். நகரின் பழைய பகுதியில் எம் கண்ணை ஈர்த்தவை மஞ்சளும் செங்காவியும் பூசிய உயர்ந்த வீடுகளல்ல. வீதிப் பெயர்ப் பலகைகளே. பிரெஞ்சு மொழியோடு 'நிஸ்ஸார்' என்னும் உள்ளூர் மொழியும் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. 1860இல் சார்தீனிய அரசு இந்நகரைப் பிரான்சுக்குக் கையளித்தது. அதன்பின் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சே ஆட்சி செலுத்தியது. ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இவை வெறும் பலகைகளாகத் தோன்றா.

ஆயினும், பசி மொழியாராய்ச்சிக்கு இடங்கொடாதன்றோ? சந்து ஒன்றிலிருந்த சிறிய உணவுச்சாலையுட் புகுந்தோம். 'பிஸ்ட்ரோ' என்பர் அந்நாட்டார். மேசைகள் பத்துக்கு மேலில்லை.

நாமோ மரக்கறி உணவினர். மைத்துனர் உணவுப் பட்டியலை வாசிக்க வாசிக்க எம் உள்ளம் சோர்ந்தது. 'பான் பாஞ்ஞா' என்பது எண்ணெயில் ஊறிய வட்டப் பாண். நனைந்த பாண் என்பதே அதன் பொருள். அதனுள்ளே சூரை மீன்! 'பிஸலடியேரா' என்பது வதக்கிய வெண்காயம் பரப்பிச் சுட்ட பாண், அதிலும் நெத்தலி. பெயர்பெற்ற நீஸ் சலாதிலும் நெத்தலியே. இச்சலாதில் அவித்த கிழங்கு சேர்த்தலாகாது என்று 1972இல் தம் சமையல் நூலில் விதித்தவர், நெடுங்காலம் இந்நகர மேயராயிருந்த ஜாக் மெத்சென். சலாதிற் காட்டிய கண்டிப்பைப் பொதுப்பணத்திற் காட்டாது, பிற்காலத்தில் ஊழற் குற்றத்துக்காக அவர் சிறை சென்றது வேறு கதை.

"அத்தான், பாணும் வெண்ணெயும் தின்றுவிட்டு எழும்புவோம்" என்றார் மைத்துனர். எமக்கோ வெட்கமாயிருந்தது. பரிமாறிய மூதாட்டியார் எம் நிலையுணர்ந்து ஒரே சொல் சொன்னார்: "சொக்கா."

கடலைமா, நீர், ஒலிவ எண்ணெய், உப்பு ஆகிய நான்கே அதற்கு வேண்டுவன. மாவை நீர்க்கக் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி, விறகெரியும் போறணையுள் தள்ளுவர். சில நிமிடங்களில் மேற்புறம் ஆங்காங்கே கருகி, ஓரம் முறுகி, நடுப்பகுதி மென்மையாய் வெளிவரும். சுரண்டித் துண்டாக்கி, மிளகுதூள் தூவித் தருவர். முன்னர் துறைமுகத்திலும் சந்தையிலும் உழைத்த ஏழைகளின் காலையுணவாம் இது. இத்தாலியின் ஜெனோவாவில் இதன் உடன்பிறப்பைப் 'பரினாத்தா' என்பர். கத்தியும் முள்ளும் வேண்டா. கையால் உண்பதே மரபு. ஐரோப்பாவில் அன்றுதான் கூச்சமின்றி விரல்களை நக்கினோம்!

எமது மொழியில் இந்த மாவுக்குப் பெயர் யாதென மூதாட்டியார் வினவினார். "கடலைமா" என்றோம். இருமுறை சொல்லிப் பார்த்தார்; ளகரமில்லாத சொல்லாதலால் ஒருவாறு தப்பித்தார். அவர் பேரப்பிள்ளைகள் நிஸ்ஸார் பேசுவார்களா என்று மைத்துனர் மூலம் கேட்டோம்.

"பேசமாட்டார்கள். ஆனாற் சொக்காவை வேறு பெயரால் ஒருநாளும் கேட்டதில்லை" என்று சிரித்தார்.

அதை எமக்கு மொழிபெயர்த்த மைத்துனர் பின்னர் நெடுநேரம் வாய்திறக்கவில்லை. பாரிசிலே அவருடைய பிள்ளைகள் இருவரும் தமிழிற் பிழையறச் சொல்பவை இடியப்பம், சொதி முதலிய சில சொற்களே. சற்றுப் பொறுத்து, இன்னுமொரு தட்டுச் சொக்கா கொண்டுவருமாறு அவரே கேட்டார்.