சாயநீரும் சூரிய ஒளியும்

சாயக் கழிவுநீரை இலைச்சாறும் வெயிலும் கொண்டு தூய்மையாக்கிவிடலாம் என்னும் செய்தி அண்மைக் காலத்தில் நாளிதழ்களிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் அடிக்கடி நம் காதில் விழுகிறது. கேட்பதற்கு இனிய செய்தியே. வேம்பும் முருங்கையும் தேங்காய்ச் சிரட்டையும் நம் முற்றத்திலேயே கிடைப்பன; வெயிலுக்கோ நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆயினும் இச்செய்தியில் மெய்ப்பிக்கப்பட்டது எது, எதிர்பார்ப்பு மட்டுமே எது என்பதைப் பிரித்தறிதல் அவசியம். கொங்கு நாட்டுச் சபைகளில் பணியாற்றும் ஆயர்கள் இதனை எளிதில் உணர்வர். சாயப் பட்டறையில் கூலி பெறுகிறவரும், பட்டறைக் கழிவால் கிணற்றை இழந்த உழவரும் ஒரே ஆலயத்தில் ஒரே பாயில் அமர்கின்றனர். அறிவியலார் வழி கண்டுவிட்டனர், இனிக் கவலையில்லை என்று ஒருவர் கூற, மற்றவர் நம்ப மறுப்பாரேயாகில், இருவரோடும் பொறுப்புடன் பேசத்தக்க தெளிவு ஆயரிடம் இருத்தல் நலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் ஏற்றுமதியால் பெருகப் பெருக, சாயப் பட்டறைகளின் கழிவு இவ்வாற்றில் கலந்தது. பாசனத்திற்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தேக்கமாக மாறிற்று. அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. அணை வரலாற்றில் இப்படியொரு விண்ணப்பம் அரிது. வழக்குகள் தொடர்ந்தன. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கடுமையான ஆணை பிறப்பித்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதிசெய்தது. கழிவை ஒரு துளியும் வெளியே விடாத நிலை எய்தப்படாமையால், 2011 சனவரியில் 700-க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு காக்கப்பட வேண்டும் என்று கேட்டவரும், வேலையிழந்து ஊர் திரும்பியவரும் ஆகிய இருதரத்தாருமே ஏழைகள் என்பதை இங்குக் குறித்துக்கொள்வோம்.

இனிச் சாயத்தின் இயல்பைக் காண்போம். பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படுவன, 1956-இல் சந்தைக்கு வந்த வினைபடு சாயங்கள். இவை நூலின் மேல் வெறுமனே ஒட்டாமல், நூலிழையோடு வேதியியல் முறையிலேயே பிணைந்துகொள்கின்றன. துவைத்தாலும் போகாத உறுதி இதனால் விளைவது. ஆயினும் இட்ட சாயம் முழுவதும் நூலைச் சேர்வதில்லை. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து வீணாகி, கழிவில் செல்கிறது. மேலும், சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்கு ஒரு லிட்டர் நீருக்குப் பல பத்துக் கிராம் உப்பு சேர்க்கப்படுகிறது. இவ்வுப்பு நூலில் தங்குவதே இல்லை. முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகிறது. சாயத்தின் மூலக்கூறோ ஒளியையும் சோப்பையும் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. ஆடைக்கு அணிகலனாகிய அதே உறுதி ஆற்றுக்குக் கேடாகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் செரிக்கச் செய்யும் வழக்கமான தொட்டிகளில் இச்சாயங்கள் எளிதில் அழிவதில்லை.

இங்குதான் ஒளி துணைக்கு அழைக்கப்படுகிறது. 1972-இல் ஜப்பானிய அறிஞர்களாகிய ஃபுஜிஷிமா, ஹோண்டா ஆகிய இருவரும், டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி படும்போது நீரே பிளவுறுவதை வெளியிட்டனர். வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கப்படும் சாதாரணப் பொருள்தான் இது. தக்க ஆற்றலுள்ள ஒளி இதன்மேல் பட்டால், உள்ளிருக்கும் எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தை விட்டு மேலெழும்புகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. மேலெழும்பிய எலெக்ட்ரான் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றுகிறது. வெற்றிடமோ நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து, ஹைட்ராக்சில் என்னும் மிகு வினைத்திறன் உடைய துணுக்கை உண்டாக்குகிறது. கணநேரமே வாழும் இத்துணுக்கு, எதிர்ப்படும் சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கும். வினை முற்றுப்பெற்றால் எஞ்சுவன கரியமில வாயுவும் நீரும் சில கனிம உப்புகளும் மட்டுமே. ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளிக்கே அசைந்து கொடுக்கும். சூரிய ஒளியின் ஆற்றலில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே. நூறு ரூபாய் கையிலிருக்க ஐந்து ரூபாய் மட்டுமே செல்லுபடியாகும் நிலையை ஒத்தது இது.

தாவரப் பொருள்கள் இதில் எங்கு வருகின்றன? ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வருகின்றன. செய்திகளில் இவ்வழிகள் பெரும்பாலும் குழப்பப்படுகின்றன. பரவலாகப் பேசப்படுவது இலைச்சாற்றின் வழியாகும். இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், வெள்ளி முதலிய உலோக உப்புகளை மிக நுண்ணிய துகள்களாக மாற்றி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. 2004-இல் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் வேப்பிலைச் சாற்றால் பொன், வெள்ளி நுண்துகள்களை ஆக்கிக் காட்டினர். அதன்பின் எண்ணற்ற இலைகளும் தோல்களும் விதைகளும் சோதிக்கப்பட்டுள்ளன. துத்தநாக ஆக்சைடு முதலிய ஒளிவினையூக்கிகளும் இவ்வாறே ஆக்கப்படுகின்றன. ஆயினும் சாயத்தைச் சிதைப்பது வேம்பு அன்று, உலோகத் துகளே. வேம்பு அதனைப் பெற்றெடுக்கத் துணைநின்ற மருத்துவச்சி போன்றது. மற்றொரு வழி, சிரட்டை, உமி போன்றவற்றைக் கரியாக்கி, அதன் நுண்துளைகளில் வினையூக்கியை அமர்த்துவது. கரி சாயத்தை ஈர்த்து அருகில் கொணர்கிறது. வினையூக்கி அதனை அழிக்கிறது. தாவரப் பொருளிலிருந்தே ஆக்கப்படும் மிக நுண்ணிய கரிமப் புள்ளிகளைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்த முயல்வது இன்னொரு வழி. நம் முன்னோர் கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டது இவற்றுள் எதிலும் சேராது. அது மண்துகளைத் திரட்டி அடியில் படியச் செய்யும் முறை. அதற்கு ஒளி வேண்டியதில்லை.

ஆய்வகக் குடுவையில் நீலம் மறைவதைக் கண்டு வியக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உள. நிறம் மறைந்தது சாயம் அழிந்ததாலா, கரியில் ஒட்டிக்கொண்டதாலா? ஒட்டிக்கொண்டதேயாயின் கேடு இடம் மாறிற்றேயன்றி நீங்கவில்லை. இதனால்தான் நேர்மையான ஆய்வாளர் கலவையை முதலில் இருளில் வைத்து, ஈர்ப்பு நின்றபின் வெயிலில் வைக்கின்றனர். வினையூக்கியின்றிச் சாயநீரை மட்டும் வெயிலில் வைத்தும் பார்க்கின்றனர். கொடியில் உலரும் சேலை வெளுப்பதை அறிந்த நமக்கு இதன் காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்து, நிறம் தரும் பிணைப்பு ஒன்று அறுந்தாலே நீர் தெளிந்துவிடும். மூலக்கூறின் மற்றத் துண்டுகள் அப்படியே இருக்கலாம். அசோ வகைச் சாயங்கள் சில, பிளவுறும்போது புற்றுநோய் விளைக்கத்தக்க அமீன்களைத் தருவன. ஆகவே நீரில் எஞ்சியுள்ள மொத்தக் கரிமத்தை அளந்து காட்டாத ஆய்வை நாம் பாதி ஆய்வு என்றே கொள்வோம். பல ஆய்வுகளில் எடுத்துக்கொள்ளப்படும் மெத்திலீன் நீலம் பருத்திப் பட்டறையின் வினைபடு சாயமும் அன்று. தானே ஒளியை விழுங்குவதாகையால் முடிவையும் மயக்கக் கூடும்.

குடுவையிலிருந்து ஆலைக்குச் செல்வதும் எளிதன்று. கருத்த சாயநீரில் ஒளி மிகச் சிறிது ஆழமே புகும். எனவே நீரை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். இரவிலும் மழைநாளிலும் வினை தளரும். நுண்துகள்கள் நீரோடு தப்பினால் அவையே புதிய மாசாகும். ஆதலின் அவற்றைத் தென்னை நாரிலோ களிமண்ணிலோ பதிக்க முயல்கின்றனர். இவையெல்லாம் முயற்சியால் வெல்லத்தக்க இடர்கள் என்றே நாம் எண்ணுகிறோம். ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் கண்ணாடிப் பட்டைகளால் வெயிலைக் குவித்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வுகள் பல்லாண்டுகளாக நடைபெறுகின்றன.

வெல்ல முடியாதது ஒன்று உண்டு. அதுதான் உழவரின் கேள்வி. நொய்யல் கரையின் நிலங்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்பின் பங்கே பெரிது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது விதி. சாயக் கழிவு அதனைப் பன்மடங்கு தாண்டும். எந்த இலையும் எந்த வெயிலும், ஒளிவினையால், சாதாரண உப்பை அழிக்கமாட்டா. தெளிந்து மின்னும் நீரைக் கண்டு பயிருக்குப் பாய்ச்சினால், செந்நீர் பாய்ந்தபோது கெட்டது போலவே மண் கெடும். சொல்லப்போனால் நிறமுள்ள கழிவு தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. நிறமற்ற கழிவு அதையும் செய்யாது.

உப்பைப் பிரிப்பதற்கு இன்று திருப்பூரில் சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்துகின்றனர். எஞ்சும் செறிந்த உப்புநீரைக் கொதிகலன்களில் வற்றச் செய்கின்றனர். செலவும் எரிபொருளும் மிகும் பணி இது. அவ்வுப்புநீரின் எஞ்சிய நிறத்தை நீக்க முடியுமாயின், வற்ற வைக்காமலே மீண்டும் சாயத் தொட்டிக்கு அனுப்பலாம். ஒளிவினையூக்கிக்குத் தகுந்த இடம் இதுவாகலாம் என்பது நம் கருத்து. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு, ஹைட்ராக்சில் துணுக்குகளை இடைமறித்து வினையை மந்தப்படுத்துவது. ஆகவே, இலைச்சாற்றுத் துகளைப் பற்றிய அடுத்த செய்தி வரும்போது, அச்சோதனை வாலை வடிநீரில் நடந்ததா, பட்டறையின் உப்புநீரிலேயே நடந்ததா என்பதை முதலில் கேட்போம்.